ஊராட்சி அலுவலக வலையமைப்பின் மூன்று வாயில்கள்

பழவேற்காடு ஏரியை அறியாதார் நம் திருவள்ளூர் மாவட்டத்தில் இலர். இந்தியாவின் உவர்நீர் ஏரிகளுள் சில்கா ஏரிக்கு அடுத்த பெருமை இதற்கு உண்டு. ஆரணியாறு, காலாங்கியாறு முதலியவை நன்னீரைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. முகத்துவாரத்தின் வழியே வங்கக் கடலின் நீர் ஏறி இறங்குகிறது. முகத்துவாரம் மணல் மூடித் தூர்ந்தால் மீனும் இறாலும் குறைகின்றன. ஆகவே எந்த வாய் கடலை நோக்கியது, எந்த வாய் ஆற்றை நோக்கியது, எது எப்போது அடைபடும் என்பனவற்றைக் கோட்டைக்குப்பம் முதலிய குப்பங்களில் வாழும் மீனவர் நன்கு அறிவர். ஏரிப் பாசனம் செய்யும் விவசாயிகளும் வரத்துக் கால்வாய் எது, மதகு எது, கலிங்கு எது என்று அறிவர். இவற்றுள் மாறாட்டம் நேர்ந்தால் நீர் வீணாகும். சில வேளைகளில் கரையும் உடையும்.

இத்தகைய அறிவே இன்று ஊராட்சி அலுவலகத்தின் மேசைமீது இருக்கும் கணிப்பொறிகளுக்கும் வேண்டப்படுகிறது. அலுவலகத்துக்குள் செய்தி வரும் வாயில் எது, உள்ளிருக்கும் கணிப்பொறிகளுக்குச் செல்லும் வாயில் எது, பொதுமக்கள் பயன்படுத்தும் வாயில் எது என்பதைத் தெளிவாக வரையறுத்த பின்னரே எந்தக் காவலும் பயன் தரும். அதனைச் செய்யும் முறையை இக்கட்டுரையில் எளிய நடையில் விளக்க முயல்வோம். ஊராட்சி உறுப்பினர் அனைவரும் யந்திரத்தைத் தம் கையால் இயக்க வேண்டுவதில்லை. ஆனால் இயக்குவோரிடம் கேட்க வேண்டிய கேள்விகளை அறிந்திருத்தல் அவசியம்.

வலையமைப்பு கிராமத்துக்கு வந்த வரலாறு

கிராமங்களைக் கணிப்பொறி வழியே இணைக்கும் முயற்சி நம் பகுதிக்குப் புதியது அன்று. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-ம் ஆண்டில் புதுச்சேரி வட்டாரத்தில் கிராம அறிவு மையங்களைத் தொடங்கிற்று. வில்லியனூரில் அமைந்த நடுநிலையத்திலிருந்து சுற்றுக் கிராமங்களுக்குச் செய்திகள் சென்றன. வீராம்பட்டினத்து மீனவர்கள் கடலலையின் உயரம் பற்றிய முன்னறிவிப்பை ஒலிபெருக்கி வாயிலாகக் கேட்டபின் கடலுக்குச் சென்றனர். 2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ம் நாள் ஆழிப்பேரலை எழுந்தபோது, சிங்கப்பூரிலிருந்து தொலைபேசி வழியே வந்த எச்சரிக்கையை நல்லவாடு என்னும் மீனவச் சிற்றூரின் அறிவு மைய ஒலிபெருக்கி ஊர் முழுவதும் பரப்பிற்று. மக்கள் விரைந்து வெளியேறி உயிர் பிழைத்தனர். செய்திச் சாதனம் ஒன்று வேண்டிய நேரத்தில் பழுதின்றி இருந்தமையால் விளைந்த நன்மை இது.

மத்திய அரசு 2011-ம் ஆண்டில் தேசியக் கண்ணாடி இழை வலையமைப்புத் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. அதுவே பின்னர் பாரத்நெட் என்னும் பெயர் பெற்றது. நம் மாநிலத்தில் 12,525 கிராம ஊராட்சிகளை இவ்வாறு இணைக்கும் பொறுப்பு தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. ஊராட்சிகளின் திட்டங்களையும் கணக்குகளையும் ஏற்றுவதற்கான இ-கிராம்ஸ்வராஜ் என்னும் தளம் 2020-ம் ஆண்டு ஏப்ரல் 24-ம் நாள் தொடங்கப்பெற்றது. வீட்டு வரியும் குடிநீர்க் கட்டணமும் இணையத்தில் செலுத்தப்படுகின்றன. ஏரியில் முகத்துவாரம் இருப்பதுபோல் ஒவ்வோர் ஊராட்சி அலுவலகத்துக்கும் உலகத்தை நோக்கிய ஒரு திறப்பு ஏற்பட்டுவிட்டது என்று கூறலாம்.

திறப்பு இருக்குமிடத்தில் காவல் இல்லையெனில் நேர்வது யாது?

பல சிறிய அலுவலகங்களில், இணைப்பு வழங்குவோர் பொருத்திச் சென்ற ஒரே பெட்டியிலிருந்து எல்லாக் கருவிகளுக்கும் கம்பி செல்கிறது. கணக்கு எழுதும் கணிப்பொறியும் பிரிண்டரும் அதில் இணைந்துள்ளன. மழைக்கு ஒதுங்கியவர், வானிலை அறிவிப்பைப் பார்க்க வந்த மீனவர், விண்ணப்பம் நிரப்ப வந்த மாணவர் ஆகியோரின் கைப்பேசிகளும் வைஃபை மூலம் அதே பெட்டியில் இணைகின்றன. ஊராட்சியின் கருவூலத்துக்கும் சாவடித் திண்ணைக்கும் இடையே கதவே வைக்காமல் கட்டிய கட்டடம் போன்றது இந்த ஏற்பாடு.

அந்தக் கணிப்பொறியில் பயனாளிகளின் ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் இருக்கின்றன. தொகை வழங்குவதற்குரிய மின்னணுக் கையொப்பமும் அதிலேயே பயன்படுத்தப்படுகிறது. வந்தவருள் ஒருவரது கைப்பேசியில் அவர் அறியாமலே தீய மென்பொருள் புகுந்திருக்கக்கூடும். அது அருகிலுள்ள கணிப்பொறிகளைத் தட்டிப் பார்க்கும். பூட்டில்லாத கதவு கிடைத்தால் உட்புகும். கோப்புகள் அனைத்தும் ஒரே இரவில் பூட்டப்பட்டு, திறப்பதற்குப் பணம் கேட்கும் கொடுமை உலகெங்கும் பெரிய மருத்துவமனைகளுக்கும் நகராட்சிகளுக்கும் நேர்ந்துள்ளது. ஏழை விதவை ஒருத்தியின் உதவித்தொகைப் பதிவு அவ்வாறு முடங்கினால், அதனால் துன்புறுவோர் அலுவலர் அல்லர். அந்த விதவையே ஆவாள்.

மென்பொருள் ரூட்டர் என்பது யாது?

ஒரு வலையமைப்பிலிருந்து மற்றொன்றுக்குச் செய்திகளை வழிகாட்டி அனுப்பும் கருவிக்கு ரூட்டர் என்று பெயர். எந்தச் செய்தியை விடலாம், எதனைத் தடுக்க வேண்டும் என்று சீர்தூக்கிப் பார்க்கும் காவலுக்குத் தீயரண் என்று பெயர். பயர்வால் என்றும் வழங்குவர். இவ்விரு பணிகளையும் செய்யும் தனிப் பெட்டிகள் விலைக்குக் கிடைக்கின்றன. ஆயினும், சாதாரணக் கணிப்பொறி ஒன்றில் தக்க மென்பொருளைப் பதித்து அதனையே ரூட்டராகவும் தீயரணாகவும் ஆக்கிக்கொள்ளலாம். இதுவே மென்பொருள் ரூட்டர்.

இவ்வகை மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. 2003-ம் ஆண்டில் வெளிவந்த மோனோவால் என்னும் மென்பொருளிலிருந்து 2004-ம் ஆண்டில் பிஎஃப்சென்ஸ் கிளைத்தது. அதிலிருந்து 2015-ம் ஆண்டில் ஓபிஎன்சென்ஸ் கிளைத்தது. இவை ஃபிரீபிஎஸ்டி என்னும் இயங்குதளத்தை அடிப்படையாகக் கொண்டவை. கீழே கூறும் முறை பின்னிரண்டுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

நான்கு ஜிபி நினைவகம் கொண்ட பழைய மேசைக் கணிப்பொறி ஒன்று சிறிய அலுவலகத்துக்குப் போதும். ஆனால் அதில் கம்பி செருகும் வலையமைப்பு அட்டைகள் குறைந்தது இரண்டாவது இருத்தல் வேண்டும்; மூன்று இருப்பின் மிக நன்று. யு.எஸ்.பி. வழியே செருகும் அட்டைகள் இப்பணிக்கு நம்பத்தக்கவை அல்ல. மென்பொருளைப் பதிக்கும்போது வட்டில் உள்ளவை அனைத்தும் அழிந்துவிடும் என்பதை நினைவிற்கொண்டு, வேண்டிய கோப்புகளை முன்னரே வேறிடத்தில் படியெடுத்து வைத்தல் வேண்டும்.

மின்செலவையும் எண்ணிப் பார்த்தல் நன்று. 50 வாட் மின்சாரம் கொள்ளும் கணிப்பொறி இரவும் பகலும் இயங்கினால் நாளொன்றுக்கு 1.2 யூனிட்டும், மாதத்துக்கு 36 யூனிட்டும் ஆகும். விசிறியில்லாத சிறுபெட்டிக் கணிப்பொறி 15 வாட்டில் இயங்குமாயின் மாதத்துக்கு ஏறத்தாழ 11 யூனிட் போதும். பழைய கணிப்பொறி செலவின்றிக் கிடைப்பினும் மின்கட்டணத்தையும் சேர்த்தே கணக்கிடுதல் முறையாகும்.

முதற் பணி: வாயில்களை இனங்காணுதல்

கோட்டைக்குப்பம் போன்ற ஏரிக்கரை ஊராட்சி ஒன்றை உதாரணமாகக் கொள்வோம். கீழே விவரிப்பது அங்கே முன்பு நிறைவேறிய வேலையின் அறிக்கை அன்று. அத்தகைய ஊராட்சி எதுவும் பின்பற்றத்தக்க முறையே ஆகும்.

கணிப்பொறி வலையமைப்பைத் தொடும் இடத்துக்கு நூல்களில் இடைமுகம் என்று பெயர். நாம் வாயில் என்றே வழங்குவோம். நமக்கு வேண்டியவை மூன்று வாயில்கள். இணைப்பு வழங்குவோரின் பெட்டியை நோக்கியது புறவாயில். அலுவலகக் கணிப்பொறிகளை நோக்கியது அகவாயில். பொதுமக்களின் வைஃபையை நோக்கியது பொதுவாயில். திரையில் இவை முறையே வேன், லேன், ஆப்ட் 1 என்று ஆங்கிலத்தில் தோன்றும்.

இங்கேதான் முதல் தடுமாற்றம் ஏற்படுகிறது. கணிப்பொறியின் பின்புறத்தில் ஒன்றுபோலவே மூன்று துளைகள் இருக்கும். மென்பொருளோ அவற்றைப் புறம், அகம் என்று அறியாது. அட்டையைச் செய்தவர் யார் என்பதைப் பொறுத்து இஎம்0, ஐஜிபி0, ஆர்இ0 என்பன போன்ற பெயர்களைச் சூட்டும். இறுதியில் உள்ள எண் 0-இல் தொடங்கும். இடப்புறத்துத் துளைதான் 0 என்று கருதிவிடலாகாது.

ஐயமின்றி அறிதற்கு எளிய வழி ஒன்று உண்டு. எல்லாக் கம்பிகளையும் கழற்றிவிடுக. மென்பொருளின் முதற்பட்டியலில், வாயில்களை ஒதுக்குக என்னும் முதலாம் எண்ணைத் தெரிவு செய்க. தாமாகக் கண்டறியும் முறைக்கு ஆங்கில ஏ எழுத்தை அழுத்துமாறு திரை கூறும். அவ்வாறு அழுத்தியபின், இணைப்புப் பெட்டியிலிருந்து வரும் கம்பியை மட்டும் ஒரு துளையில் செருகி, துளையருகே விளக்கு ஒளிர்வதைப் பார்த்தபின் என்டர் விசையைத் தட்டுக. எந்தத் துளையில் உயிர் வந்தது என்பதை யந்திரமே கண்டு அதனைப் புறவாயிலாகக் குறித்துக்கொள்ளும். அகவாயிலுக்கும் பொதுவாயிலுக்கும் இவ்வாறே ஒவ்வொன்றாகச் செய்க. கம்பியின் மறுமுனை, மின்சாரம் ஓடும் கருவி ஒன்றில் செருகப்பட்டிருத்தல் வேண்டும். இன்றேல் விளக்கு ஒளிராது.

ஒவ்வோர் அட்டைக்கும் பன்னிரண்டு குறிகளால் ஆன நிலையான அடையாள எண் ஒன்றும் உண்டு. 0 முதல் 9 வரையுள்ள இலக்கங்களும் ஏ முதல் எஃப் வரையுள்ள ஆங்கில எழுத்துகளும் அதில் கலந்திருக்கும். மாட்டின் காதில் இடும் அடையாள வில்லை போன்றது அது. அந்த எண்ணையும் குறித்துக்கொண்டால் பின்னர் ஐயம் எழாது.

வாயில்கள் மாறிப்போனால் என்ன கேடு என்று சிலர் வினவலாம். இம்மென்பொருள்கள் அகவாயிலை நம்பத்தக்கது என்று கொள்கின்றன. அவ்வழியே வருவோர்க்கு வெளியே செல்லும் அனுமதியும், யந்திரத்தின் நிர்வாகப் பக்கத்தைத் திறக்கும் வசதியும் தொடக்கத்திலேயே உண்டு. புறவாயிலிலோ, உள்ளிருந்து கேட்டதற்கு வரும் மறுமொழி நீங்கலாக அழையாமல் வருவன யாவும் தடுக்கப்படும். இரண்டும் மாறினால், காவலன் வீட்டை நோக்கி வேலை நீட்டி, வீதிக்கு முதுகைக் காட்டி நின்ற கதையாகும். நிர்வாகப் பக்கம் வெளியாருக்குத் திறக்கும். அலுவலகக் கணிப்பொறிகளுக்கோ இணைப்பே கிட்டாது. அதன்மேல் எத்தனை விதிகள் எழுதினும் பயன் இல்லை. ஆகவேதான் வாயில்களை இனங்காணுதல் முதற் பணி என்கிறோம்.

இரண்டாம் பணி: எண் முகவரி வழங்குதல்

தெருவுக்குப் பெயரும் வீட்டுக்குக் கதவெண்ணும் இருப்பதுபோல் வலையமைப்பிலும் முகவரி உண்டு. புள்ளிகளால் பிரித்த நான்கு எண்களாக அதனை எழுதுவர். உள்வலையமைப்புகள் பயன்படுத்திக்கொள்வதற்காகச் சில முகவரித் தொகுதிகள் 1996-ம் ஆண்டில் வெளியான இணைய விதியின்படி ஒதுக்கப்பட்டுள்ளன. 10 என்று தொடங்குவன, 172.16 முதல் 172.31 வரையுள்ளன, 192.168 என்று தொடங்குவன ஆகியவை அவை. இவற்றை யார் வேண்டுமாயினும் தம் அலுவலகத்துக்குள் வைத்துக்கொள்ளலாம்.

புறவாயிலின் முகவரியை இணைப்பு வழங்குவோரே தீர்மானிப்பர். தாமாக வழங்கும் முறை, நிலையான முகவரி, பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் பி.பி.பி.ஓ.இ. முறை என்பவற்றுள் எது என்று அவர்களிடம் முன்னரே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுதல் வேண்டும்.

அகவாயிலுக்கு 192.168.1.1 என்னும் முகவரி மென்பொருளில் முன்னரே அமைந்திருக்கும். அதனை அப்படியே விட்டுவிடலாகாது. இணைப்பு வழங்குவோரின் பெட்டிகள் பலவும் 192.168.1 என்னும் அதே தொகுதியைப் பயன்படுத்துகின்றன. ஊரில் ஒரே பெயருடன் இரண்டு தெருக்கள் இருந்து, இரண்டிலும் ஒரே கதவெண்கள் இருந்தால் தபால்காரர் எவ்வாறு தடுமாறுவாரோ அவ்வாறே ரூட்டரும் தடுமாறும். எல்லாக் கம்பிகளும் சரியாக இருந்தும் இணையம் கிடைக்காமற்போவதற்கு இது ஒரு பொதுவான காரணம். எனவே முதற்பட்டியலின் இரண்டாம் எண்ணைத் தெரிவு செய்து, அகவாயிலுக்கு 192.168.50.1 என்றும், பொதுவாயிலுக்கு 192.168.60.1 என்றும் வைத்துக்கொள்வோம்.

யந்திரம் அப்போது சில வினாக்களைக் கேட்கும். தொகுதியின் அளவு எத்தனை என்ற வினாவுக்கு 24 என்று விடையளிக்க. 24 என்பது, முதல் மூன்று எண்கள் தெருப்பெயர், நான்காம் எண் கதவெண் என்று பொருள்படும். அவ்வாறு 256 எண்கள் கிடைப்பினும், முதலும் கடைசியும் சிறப்புப் பணிக்கு ஒதுக்கப்படுவதால் 254 எண்களே கருவிகளுக்கு உதவும். அடுத்து, அகவாயிலுக்கு மேல்வழி உண்டா என்று கேட்கும். இங்கே ஒன்றும் எழுதாமல் என்டர் விசையைத் தட்டுதல் வேண்டும். வெளியுலகுக்குச் செல்லும் வழி புறவாயிலில் மட்டுமே உளது; அகவாயிலிலும் ஒரு மேல்வழியைக் குறித்தால் செய்திகள் திசைமாறும். நிர்வாகப் பக்கத்தைப் பாதுகாப்பற்ற எச்.டி.டி.பி. முறைக்கு மாற்றலாமா என்று கேட்டால் வேண்டா என்று விடையளிக்க.

கருவிகளுக்கு முகவரிகளை ரூட்டரே முறைவைத்து வழங்கும். இதனை டி.எச்.சி.பி. என்பர். கோட்டைக்குப்பம் முதலிய குப்பங்களில் மரபாக வழங்கும் பாடு முறையை அறிந்தோர்க்கு இது எளிதில் விளங்கும். ஏரியில் மீன்பிடிக்கும் இடங்கள் இன்னாருக்கு இன்ன முறையில் என்று ஊரார் கூடி வகுத்துள்ளனர். ஒருவர் முறையில் மற்றொருவர் வலை இடுவதில்லை; முறை முடிந்ததும் இடம் அடுத்தவர்க்குச் செல்கிறது. ரூட்டரும் ஒரு முகவரியை ஒரு கருவிக்குக் குறிப்பிட்ட காலத்துக்கு வழங்கி, அக்கருவி சென்றபின் வேறொன்றுக்கு அளிக்கிறது. ஒரே முகவரி இரு கருவிகளுக்கு ஒரே காலத்தில் நேர்ந்தால் இரண்டும் இயங்கா. ஆகையால் 100 முதல் 199 வரையுள்ள எண்களை இம்முறைக்கு விடுத்து, பிரிண்டர் போன்ற நிலையான கருவிகளுக்கு 10, 11 என்னும் எண்களைத் தனியே ஒதுக்குதல் நன்று.

மூன்றாம் பணி: பொதுவாயிலுக்கு விதி வகுத்தல்

புதிதாகச் சேர்த்த பொதுவாயிலில் தொடக்கத்தில் எதற்கும் அனுமதி இராது. இணையம் வரவில்லையே என்று பதறி, எல்லாவற்றையும் விடுக என்று ஒரே விதியை எழுதிவிடுவது சிலர் வழக்கம். அவ்வாறு செய்தால் பொதுமக்களின் கருவிகள் இணையத்துக்கு மட்டுமன்றி அலுவலகக் கணிப்பொறிகளுக்கும் செல்லும். மூன்று வாயில்கள் அமைத்த பயன் முழுவதும் அதனால் அழிந்துபடும்.

விதிகளைப் பற்றி இரண்டு உண்மைகளை மனத்திற் கொள்ளல் வேண்டும். செய்தி எந்த வாயிலில் நுழைகிறதோ அந்த வாயிலிலேயே அதற்குரிய விதி எழுதப்படும். விதிகள் மேலிருந்து கீழாகப் படிக்கப்படும். முதலில் பொருந்தும் விதியே செல்லும், அதற்குக் கீழுள்ளவை பார்க்கப்படா. ஆகவே பொதுவாயிலின் விதிகளைப் பின்வரும் கிரமத்தில் எழுதுக.

முதலாவது: பெயரை முகவரியாக மாற்றும் பணிக்காக, இந்த வாயிலின் 53-ம் எண் துறையை அணுகலாம்.

இரண்டாவது: அதனை ஒழிய ரூட்டரின் வேறெந்தத் துறையையும் அணுகலாகாது.

மூன்றாவது: முன்னர்க் கூறிய மூன்று உள்முகவரித் தொகுதிகளுக்கும் செல்லலாகாது. அலுவலகக் கணிப்பொறிகள் இவற்றுள் அடங்கும்.

நான்காவது: மற்ற எவ்விடத்துக்கும் செல்லலாம்.

நான்காவதை முதலில் எழுதினால் மற்ற மூன்றும் பெயரளவில் நிற்கும். இவ்விதிகள் பழைய நான்கெண் முகவரிகளுக்கு உரியன. ஆறாம் பதிப்பு எனப்படும் புதிய நீண்ட முகவரி முறையைத் தக்க பயிற்சி பெறும்வரை பொதுவாயிலில் இயக்காதிருத்தல் நலம்.

கணிப்பொறியில் இரண்டு துளைகளே உள்ள ஊராட்சிகள் மனம் தளர வேண்டுவதில்லை. ஒரே கம்பியில் செல்லும் செய்திகளுக்கு 1 முதல் 4094 வரையுள்ள எண்களுள் ஒன்றை அடையாளமாக இட்டுப் பிரிக்கும் வி-லேன் என்னும் முறை உளது. அதற்கு அந்த அடையாளத்தை உணரும் நிர்வகிக்கத்தக்க சுவிட்சு வேண்டும். சாதாரணச் சுவிட்சு உதவாது.

சோதித்தறிதல்

வேலை முடிந்தது என்று கூறுமுன் நான்கு சோதனைகள் செய்தல் வேண்டும். அலுவலகக் கணிப்பொறியில் இணையம் திறக்கிறதா? பொது வைஃபையில் சேர்ந்த கைப்பேசியில் இணையம் திறக்கிறதா? அதே கைப்பேசியில் 192.168.50.1 என்னும் நிர்வாகப் பக்கத்தைத் திறக்க முயன்றால் திறவாமல் நிற்கிறதா? அங்கிருந்து அலுவலகப் பிரிண்டரையோ கணிப்பொறியையோ அணுக முயன்றால் மறுக்கப்படுகிறதா? முதலிரண்டும் நடைபெற வேண்டும்; பின்னிரண்டும் நடைபெறலாகாது. நடக்க வேண்டியது நடக்கிறது என்று மகிழ்ந்து, நடவாதிருக்க வேண்டியதைச் சோதியாமல் விடுவதே பெரும்பாலோர் வழக்கம். மதகின் பலகை நீரைத் தடுக்கிறதா என்பதை மூடிப் பார்த்துத்தானே அறிகிறோம்!

பதிவேடும் பாதுகாப்பும்

இவையனைத்தும் ஒப்பந்தக்காரர் ஒருவரின் நினைவில் மட்டும் இருக்குமாயின், அவர் ஊரில் இல்லாத நாளில் ஊராட்சி செயலற்று நிற்கும். எனவே ஊராட்சியில் ஒரு பதிவேடு வைத்தல் அவசியம். ஒவ்வொரு வாயிலுக்கும் ஒரு வரியில், அதன் பணி, யந்திரம் இட்ட பெயர், அட்டையின் அடையாள எண், முகவரி, கம்பியின் நிறம் ஆகியவற்றை எழுதுக. கணிப்பொறியின் துளைகளின் மேலும் புறம், அகம், பொது என்று சீட்டு ஒட்டுக. மென்பொருளுடன் வரும் கடவுச்சொல் உலகறிந்தது. ஆதலால் அதனை முதல் நாளிலேயே மாற்றுக. புதிய கடவுச்சொல்லைப் பதிவேட்டில் எழுதாமல், உறையிலிட்டு முத்திரை வைத்துப் பெட்டகத்தில் வைக்க.

அமைப்பு முழுவதையும் ஒரே கோப்பாகப் படியெடுக்கும் வசதி மென்பொருளிலேயே உண்டு. ஒவ்வொரு மாற்றத்துக்கு முன்னும் பின்னும் அவ்வாறு படியெடுத்துக் கணிப்பொறிக்கு வெளியே வைத்தல் வேண்டும். யந்திரம் பழுதுற்று வேறொன்றை வைக்கும்போது இக்கோப்பு வேலையைப் பாதியாகக் குறைக்கும். ஆனால் புதிய யந்திரத்தின் அட்டைகள் வேறு பெயர் பெறக்கூடும் ஆதலின் வாயில்களை மீண்டும் இனங்காட்ட நேரும். பதிவேட்டின் அருமை அப்போது புலப்படும்.

ஏரிக்கரையில் உப்புக் காற்று செம்புத் தொடுமுனைகளை அரிக்கும். பயன்படாத துளைகளை மூடிவைப்பதும், ஆண்டுக்கு ஒருமுறையேனும் கம்பி முனைகளைப் பார்த்து மாற்றுவதும் நன்று. 2023-ம் ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பெய்த பெருமழையை நம் மாவட்டம் மறந்துவிடவில்லை. ஆகையால் பெட்டியைத் தரையில் வைக்காமல் சுவரில் உயர்ந்த பலகைமீது வைத்து, மின்தடையைத் தாங்கும் யு.பி.எஸ். கருவியுடன் இணைத்தல் வேண்டும்.

ரூட்டரின் கடிகாரமும் சரியாக இருத்தல் வேண்டும். இந்தியக் கணிப்பொறி அவசரநிலைக் குழு 2022-ம் ஆண்டு ஏப்ரல் 28-ம் நாள் வெளியிட்ட ஆணைகள் அரசு அமைப்புகளுக்கும் பொருந்துவன. குறித்த வகைக் கணிப்பொறித் தாக்குதல்களை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்றும், நிகழ்வுப் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்றும் அவை கூறுகின்றன. நேரம் தவறிய பதிவு, தேதியில்லாத ரசீது போன்றது.

எல்லையை அறிதல்

இக்காவல் எல்லாத் தீங்கையும் போக்கிவிடும் என்று எண்ணலாகாது. வங்கி அதிகாரி என்று பொய் கூறிப் பேசுவோரிடம் ரகசிய எண்ணைச் சொல்லிவிட்டால் எந்த ரூட்டரும் தடுக்க இயலாது. அத்தகைய பண இழப்பு நேர்ந்தால் சற்றும் தாமதியாமல் 1930 என்னும் எண்ணுக்குத் தொலைபேசியில் தெரிவித்தல் வேண்டும். யாரோ கொணர்ந்த பென்டிரைவை அலுவலகக் கணிப்பொறியில் செருகினால், வாயில்களைக் கடவாமலே தீங்கு உள்ளே வந்துவிடும். மேலும், அரசின் பெருவலையமைப்பில் சேர்ந்த கருவிகளில் உரிய தொழில்நுட்ப அலுவலரின் இசைவு பெறாமல் எந்த மாற்றமும் செய்தலாகாது.

ஊராட்சி உறுப்பினர்கள் தத்தம் கூட்டங்களில் மூன்று கேள்விகளைக் கேட்டு விடையைப் பதிவு செய்வார்களாயின் இக்கட்டுரையின் நோக்கம் நிறைவேறும். நம் அலுவலக வலையமைப்புக்கு வாயில்கள் எத்தனை, எது எதனை நோக்கியது? பொது வைஃபையிலிருந்து அலுவலகக் கணிப்பொறியை அணுக முடியாது என்பதைக் கடைசியாகச் சோதித்த நாள் எது? அமைப்பின் படியும் பதிவேடும் எங்கே இருக்கின்றன? இவற்றுக்கு விடை கிடைக்கவில்லையெனில் வட்டார வளர்ச்சி அலுவலகத்தை அணுகி உரிய உதவியைக் கோருக.

மக்கள் தம் வரிப்பணத்தையும், தம் ஆதார் எண்ணையும், தம் கணக்கு விவரத்தையும் நம்மிடம் ஒப்படைத்திருக்கின்றனர். பூட்டிய அலமாரியில் தாள்களைக் காத்த அதே அக்கறையுடன் இவற்றையும் காத்தல் நம் கடமையாகும். அதற்குப் பெரும்பொருள் தேவையில்லை. ஒரு நாள் உழைப்பும், மூன்று சீட்டுகளும், ஒழுங்காக எழுதிய ஒரு பதிவேடும் போதும். ஊராட்சிகள்தோறும் இப்பணியைத் தொடங்கி நிறைவேற்றுவோமாக.